அணி போனது, கிளப் நின்றது: லிஸ்பன் பெலெனென்செஸ் பிளவு, ஒரு நிகழ்வு ஆய்வு

போர்ச்சுகலின் பழைய கால்பந்துக் கிளப்களில் ஒன்று தன் தொழில்முறை அணியின் பெரும்பங்கை 2012இல் ஒரு முதலீட்டாளருக்கு விற்றது. ஆறு வருடம் கழித்து அந்த அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. கிளப் ஒரு புது அணியைத் திரட்டி நாட்டின் ஆறாவது பிரிவில், அதாவது லீக் ஏணியின் அடிப்படியில், முதலிலிருந்து ஆடத் தொடங்கியது. சிறிது காலம் ஒரே பெயருக்கு இரண்டு அணிகள் உரிமை கொண்டாடின. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

கிளப் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் உண்மையானவை. முடிவெடுத்தவர்களை மட்டும் "தலைவர்", "முதலீட்டாளர்", "உறுப்பினர்" என்றே குறிப்பிடுகிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விசாரணை லிஸ்பனில் இன்றும் ஓயவில்லை. அதில் எனக்கு அக்கறை குறைவு. எந்தத் தாளில் எந்த வரி இருந்தது, எந்த வரி இல்லாமல் போனது என்பதுதான் என் கவனம்.

பின்னணி: ஒரு பேட்டையின் கிளப்

லிஸ்பனின் மேற்கு ஓரத்தில், டேகஸ் ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு அருகே பெலெம் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497இல் கள்ளிக்கோட்டையை நோக்கிக் கிளம்பிய கரை அது. அவற்றின் பாய்களில் இருந்த கிறிஸ்து சபையின் சிவப்புச் சிலுவைதான் பெலெனென்செஸ் கிளப்பின் சின்னம். ஜெர்சி நீலம். "ஊஸ் பெலெனென்செஸ்" என்றால் பெலெம்காரர்கள் என்று பொருள். பெயரிலேயே முகவரி இருக்கிறது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இன்று உலகறிந்த பென்ஃபிகாவும் 1904இல் இதே பெலெமில்தான் பிறந்தது. 1908இல் வேறொரு பேட்டைக் குழுவோடு இணைந்து அங்கிருந்து போய்விட்டது. பேட்டைக்கு அணி இல்லாமல் போன குறையைத் தீர்க்க, பெலெமைச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலர் 1919 செப்டம்பர் 23 அன்று பெலெனென்செஸைத் தொடங்கினார்கள். ஆக, அணியைப் பறிகொடுப்பது அந்தப் பேட்டைக்கு 2018இல் முதல் அனுபவம் அல்ல.

போர்ச்சுகலில் லீக் பட்டம் என்றால் பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூவரின் சொத்து. அந்த மூவரைத் தாண்டி அதை வென்றவை இரண்டே கிளப்கள்: 1945-46இல் பெலெனென்செஸ், 2000-01இல் போவாவிஷ்டா. 1946இன் கடைசி ஆட்டம் ஸ்பெயின் எல்லையோர ஊரான எல்வாஷில் நடந்தது. பின்தங்கியிருந்து 2-1 என்று மீண்டு, பென்ஃபிகாவை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் ரியல் மாட்ரிட் தன் புது மைதானத்தை, இன்றைய பெர்னபேவை, திறந்தபோது முதல் ஆட்டத்துக்கு அழைத்த விருந்தாளியும் இந்தக் கிளப்தான். போர்ச்சுகல் கோப்பை மூன்று முறை வந்தது: 1942, 1960, 1989.

வலிகளும் உண்டு. பெப்பே என்று அழைக்கப்பட்ட நட்சத்திர ஆட்டக்காரர் 1931இல், 23 வயதில், உணவில் கலந்திருந்த நஞ்சால் இறந்தார். மைதானத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. போர்ட்டோ அணி அங்கே ஆட வரும்போது அதில் மலர் வைப்பது வழக்கமானது. இன்னொரு வலி 1955இல். மொசாம்பிக்கிலிருந்து வந்த கோல் மன்னன் மட்டாட்டேவ் அப்போது உச்சத்தில் இருந்தார். கடைசி நாள், சொந்த மைதானம், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. அப்போது ஸ்போர்ட்டிங் போட்ட ஒரு கோலால் ஆட்டம் 2-2 ஆகி, பட்டம் பென்ஃபிகாவுக்குப் போனது. அந்த நாளைப் பற்றிப் பேசாத பழைய உறுப்பினர் இருக்க முடியாது.

இந்தக் கதையின் நடுநாயகம் ரெஸ்டெலோ மைதானம். கிளப்பின் 37ஆம் பிறந்த நாளான 1956 செப்டம்பர் 23 அன்று திறக்கப்பட்டது. ஒரு பழைய கல்குவாரியில், சரிவில் கட்டிய மைதானம். கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டம், அதைத் தாண்டி ஓட்டுக் கூரைகள், அதையும் தாண்டி டேகஸ் ஆறு தெரியும். ஹேண்ட்பால், ரக்பி, கூடைப்பந்து என்று பல விளையாட்டுகளை நடத்தும் உறுப்பினர் கிளப் இது. உறுப்பினர் சந்தா கட்டுவார், பொதுக்குழுவில் கை தூக்குவார், தலைவரைத் தேர்ந்தெடுப்பார். நம் ஊர்ப் பழைய சங்கங்களின் நடைமுறைதான்.

விற்கும் நிலை எப்படி வந்தது

1982 வரை இந்தக் கிளப் முதல் பிரிவிலிருந்து இறங்கியதே இல்லை. அதன்பின் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. 2006இல் இறங்கியிருக்க வேண்டும். வேறொரு கிளப் விதிமீறலில் சிக்கியதால் தப்பியது. 2009இல் மறுபடி இறங்கியிருக்க வேண்டும்; இன்னொரு கிளப்பின் பணப் பிரச்சினையால் தப்பியது. 2010இல் தப்பிக்க வழியில்லை, இரண்டாம் பிரிவுக்குப் போனது. என் கணிப்பில், முதல் இரண்டு தப்பித்தல்களும் நன்மை செய்யவில்லை. செலவைக் குறைத்திருக்க வேண்டிய ஆண்டுகள் அதிர்ஷ்டத்தில் கழிந்தன.

இரண்டாம் பிரிவில் தொலைக்காட்சிப் பணம் சொற்பம். கடன் கழுத்தை நெரித்தது. அதே நேரம் சட்டமும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. போர்ச்சுகலில் 1997 முதல் கிளப்கள் தங்கள் தொழில்முறை அணியைத் தனிப் பங்கு நிறுவனமாகப் பிரிக்கலாம். அங்கே எல்லோரும் அதைச் சுருக்கமாக "சாட்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் சோகம் என்று பொருள் வருவது தற்செயல். 2013 முதல் முதலிரண்டு பிரிவுகளில் ஆட இப்படி ஒரு நிறுவனம் கட்டாயமே ஆனது. பெலெனென்செஸ் தன் நிறுவனத்தை முன்பே, 1999இல், அமைத்திருந்தது. லீக்கில் ஆடும் உரிமை, ஆட்டக்காரர் ஒப்பந்தங்கள், பயிற்சியாளர் ஒப்பந்தம் எல்லாம் அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தன. கம்பெனி கிளப்பின் கட்டுப்பாட்டில் இருந்தவரை இது வெறும் கணக்குப் பிரிவினைதான்.

2012: விற்றதும் விற்காததும்

2012 நவம்பரில் உறுப்பினர்கள் கூடி, கம்பெனியின் 51 சதவீதத்தை ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்புதல் தந்தார்கள். கிளப்பிடம் மிஞ்சியது சுமார் 10 சதவீதம்; மீதி வேறு பங்குதாரர்களிடம் இருந்தது.

இந்த முடிவை இப்போது முட்டாள்தனம் என்று சொல்வது எளிது. அன்று மேசையில் இருந்த மாற்று என்ன? கடன்காரர்கள் காத்திருந்தார்கள். அணி கலைந்தால் கிளப்பே கவிழலாம். முதலீட்டாளர் பணத்தோடும் மேல் பிரிவுக்குத் திரும்பும் திட்டத்தோடும் வந்தார். வயிறு காய்ந்தவன் முன் இலை போட்டால் யார் போட்டது என்று கேட்பதில்லை.

விற்றதை விட, கூடவே எழுதிய பாதுகாப்புகளே கவனிக்க வேண்டியவை. கிளப் மூன்று அரண்களை நம்பியது.

முதலாவது, பங்குதாரர்களுக்கிடையே ஒரு தனி ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்தில் கிளப் அந்தப் பெரும்பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், சில முடிவுகளில் அதற்குத் தனிச் சொல் உண்டு என்று அதில் இருந்தது. இரண்டாவது, ரெஸ்டெலோவையும் மற்ற வசதிகளையும் கம்பெனி பயன்படுத்துவதற்கான நெறிமுறை ஒப்பந்தம். மைதானம் கிளப்பின் கையிலேயே இருந்தது, கம்பெனி அங்கே ஒரு வகையில் குடியிருப்பவர். அதற்கும் ஒரு முடிவுத் தேதி இருந்தது. மூன்றாவது அரணை யாரும் பெரிதாகப் பேசவில்லை: பெயரும் சின்னமும் கிளப்புடையவை. அவற்றை விற்கவில்லை. விற்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றக்கூட இல்லை.

இந்த மூன்றில் முதலாவதைத்தான் எல்லோரும் கோட்டைச்சுவர் என்று நினைத்தார்கள். இடிந்தது அதுதான்.

ரெஸ்டெலோ என்ற பெயருக்குப் போர்ச்சுகீசிய மொழியில் வேறொரு பொருளும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டுக் காவியம் ஒன்றில், கப்பல்கள் கிளம்பும்போது ரெஸ்டெலோ கரையில் நின்று "இந்தப் பேராசை வேண்டாம்" என்று எச்சரிக்கும் கிழவர் ஒருவர் வருவார். அதிலிருந்து, எதற்கும் தடை சொல்கிறவரை அங்கே "ரெஸ்டெலோக் கிழவர்" என்று கிண்டல் செய்வார்கள். அந்த ஊரிலேயே நடந்த விற்பனைக்கு இதைவிடப் பொருத்தமான அடிக்குறிப்பு கிடையாது.

2013–2017: களத்தில் வெற்றி, வீட்டுக்குள் விரிசல்

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. நியாயமாகப் பேசினால் இதைச் சொல்லியாக வேண்டும். 2012-13 சீசனில் அணி 42 ஆட்டங்களில் 94 புள்ளி எடுத்து இரண்டாம் பிரிவின் சாம்பியனாகி முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2014-15இல் ஆறாம் இடம். 2015-16இல் யூரோப்பா லீக் குழுச் சுற்றில் ஃபியோரென்டினா, பாசல், லெக் போஸ்னான் அணிகளோடு ஆடியது. குழுவில் கடைசி இடம்தான். ஆனாலும் சுவிட்சர்லாந்தில் போய் பாசலை 2-1 என்று வென்றது. நான்கு வருடம் முன்பு இரண்டாம் பிரிவில் தள்ளாடிய கிளப் அது.

உள்ளே நடந்தது வேறு கதை. கிளப் நிர்வாகம் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. கம்பெனி நிர்வாகம் முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது. மைதானச் செலவை யார் ஏற்பது, பயிற்சி இடத்தை யார் எப்போது பயன்படுத்துவது, உறுப்பினருக்கு டிக்கெட் சலுகை உண்டா என்று ஒவ்வொன்றும் தகராறானது. ஒரே வாசல், ஒரே பெயர், இரண்டு அலுவலகம்.

கிளப் ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று சொல்லி, கம்பெனியின் பெரும்பங்குதாரர் அந்தத் தனி ஒப்பந்தத்தை முறித்தார். கிளப் ஏற்கவில்லை. விவகாரம் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. முடிவு கிளப்புக்குச் சாதகமாக வரவில்லை. திரும்ப வாங்கும் உரிமை அத்தோடு கைநழுவியது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பெனியைத் தொடங்கிய கிளப்பின் பங்கு 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இணைப்பு, கலைப்பு, தலைமையக மாற்றம், சின்னம் போன்றவற்றில் அதற்குத் தடை உரிமை உண்டு என்று அன்று நடப்பில் இருந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. இவற்றை யாராலும் ஒப்பந்தத்தை முறித்துப் பறித்திருக்க முடியாது. ஆனால் திரும்ப வாங்கும் உரிமை சட்டத்தில் இல்லை, தனி ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. ஒப்பந்தம் தந்ததை ஒப்பந்த மீறல் என்ற குற்றச்சாட்டே எடுத்துக்கொண்டுவிடும். இந்த வேறுபாட்டை 2012இல் எத்தனை பேர் உணர்ந்து கை தூக்கினார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் முதல் கேள்வி.

2018 ஜூன் 30: சாவியை வாங்கிக்கொள்ளுதல்

மைதான ஒப்பந்தம் அந்த நாளோடு முடிந்தது. புது நிபந்தனைகளில் இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. கிளப் நிர்வாகத்தின் முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன.

கம்பெனி கேட்கும் நிபந்தனையில் மைதானத்தைத் தொடர்ந்து கொடுப்பது ஒன்று. அப்படிச் செய்தால் ரெஸ்டெலோவில் முதல் பிரிவு ஆட்டம் தொடரும். பென்ஃபிகாவும் போர்ட்டோவும் வருவார்கள், வாடகை வரும். ஆனால் களத்தில் இறங்கும் அணியின் எந்த முடிவிலும் உறுப்பினருக்குச் சொல் இருக்காது. மற்றது, கொடுக்க மறுப்பது. அதற்கு விலை முதல் பிரிவு இடம். லீக்கில் ஆடும் உரிமை கம்பெனியிடம் இருப்பதால், அணி எங்கே போனாலும் அந்த இடமும் கூடவே போகும். கிளப்புக்கு அணி வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்து கடைசிப் பிரிவில் நிற்க வேண்டும்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனி தன் அணியோடு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி ஜமோரில் உள்ள தேசிய மைதானத்துக்குப் போனது.

இந்த முடிவை வீரம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது கணக்காகத் தெரிகிறது. இரண்டு தரப்பில் யாரிடம் நீண்ட நாள் தாங்கும் சொத்து இருக்கிறது என்று பார்த்தால் விடை எளிது. கம்பெனியிடம் இருந்தது ஒரு லீக் இடமும் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களும். இரண்டும் ஆண்டுக்காண்டு காலாவதியாகக் கூடியவை. கிளப்பிடம் மைதானமும் பெயரும் சந்தா கட்டும் மக்களும் இருந்தார்கள். அந்த மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது மட்டும் நிச்சயமில்லை. அதில்தான் பந்தயம் கட்டினார்கள்.

அடிப்படியில் ஐந்து வருடம்

2018-19இல் புது அணி லிஸ்பன் மாவட்டச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் இறங்கியது. அந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். எதிரணி மைதானங்கள் பல, ஓரத்தில் நாலு படி கேலரி வைத்த செயற்கைப் புல் தரைகள். அப்படிப்பட்ட இடங்களுக்கு, 1946இல் நாட்டின் சாம்பியனான கிளப்பின் நீல ஜெர்சியும் சிவப்புச் சிலுவையும் போயின. பேட்டைக் கிளப்களுக்கு அது திருவிழா; வாசலில் கூட்டம், கேன்டீனில் வருமானம்.

பந்தயம் பலித்தது. கூட்டம் ரெஸ்டெலோ பக்கமே நின்றது. ஆறாம் பிரிவு ஆட்டத்தைப் பார்க்க ஆள் வந்தார்கள். முதல் பிரிவு ஆடிய ஜமோரின் பரந்த கேலரியோ பெரும்பாலும் காலியாக இருந்தது, பெரிய அணிகள் வரும் நாள் தவிர.

ஏற்றங்கள் வரிசையாக வந்தன. 2019இல் மாவட்ட இரண்டாம் பிரிவு. 2020இல் கொரோனாவால் சீசன் பாதியில் நின்றாலும் மாவட்ட முதல் பிரிவுக்கு உயர்வு. 2021இல் அங்கிருந்து தேசிய மட்டம். அங்கே ஒரு விசித்திரம் காத்திருந்தது. கூட்டமைப்பு அந்த வருடம்தான் "லீகா 3" என்று ஒரு புதுப் பிரிவை நடுவில் செருகியது. இவர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏணிக்கு ஒரு படி கூடிவிட்டது. 2022இல் லீகா 3, 2023இல் இரண்டாம் பிரிவு. ஐந்து சீசன், ஐந்து ஏற்றம்.

இதில் மயங்க ஒன்று உண்டு, எச்சரிக்கையாக இருக்கவும் ஒன்று உண்டு. மாவட்டப் பிரிவுகளில் பெரிய மைதானமும் பெரிய பெயரும் உள்ள கிளப்புக்கு இயல்பாகவே சாதகம் அதிகம். அங்கே வென்றதை வைத்துத் தொழில்முறைப் பிரிவில் நிற்க முடியும் என்று முடிவு கட்டக் கூடாது. இது பின்னால் தெரிந்தது.

சின்னம் யாருடையது

பிளவுக்குப் பின் கம்பெனி அணியும் "பெலெனென்செஸ்" என்றே ஆடியது, அதே சிலுவைச் சின்னத்தோடு. ஒரே பெயரில் முதல் பிரிவில் ஒரு அணி, ஆறாம் பிரிவில் ஒரு அணி. கிளப் வழக்குப் போட்டது. அறிவுசார் சொத்துரிமை நீதிமன்றம் 2018இலேயே கிளப்பின் பக்கம் நின்றது: கம்பெனி கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது.

2019இல் கம்பெனி புதுச் சின்னத்துக்கு மாறியது. பெயர் போராட்டம் மேலும் நீண்டு, கடைசியில் அட்டவணைகளில் அந்த அணி "பி-சாட்" என்று ஒரு சுருக்கெழுத்தாகத் தேய்ந்தது. புள்ளிப் பட்டியலில் போர்ட்டோ, பிராகா, கிமராய்ஷ் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஒரு கம்பெனிப் பதிவெண் போல அது நின்றது.

2012இல் எவரும் பெரிதாகப் பேசாத மூன்றாவது அரண்தான் வழக்கைத் தீர்த்தது. திரும்ப வாங்கும் உரிமை என்ற பேரம் பேசிய வரி பயன்படவில்லை. பேரமே பேசாமல் கையில் இருந்த சின்னம் பயன்பட்டது.

ஜமோரில் நடந்தவை

கம்பெனி அணி உடனே சரிந்துவிடவில்லை. 2018 அக்டோபரில் பென்ஃபிகாவை 2-0 என்று வென்றது. அந்த சீசனை ஒன்பதாம் இடத்தில் முடித்தது. 2020-21இல் பத்தாம் இடம். கால்பந்து ஆட ஆதரவாளர் கூட்டம் கட்டாயமில்லை என்பதற்கு அந்த மூன்று வருடமே சாட்சி. டி.வி. பணம், ஆட்டக்காரர் விற்பனை, நல்ல பயிற்சி இருந்தால் அணி ஓடும். கெட்ட காலம் வரும்போதுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்பது தெரியும்.

அது 2021 நவம்பர் 27 அன்று தெரிந்தது. ஜமோரில் பென்ஃபிகாவோடு ஆட்டம். அணியில் கொரோனா பரவி, ஒன்பது பேரோடு களம் இறங்கினார்கள். அதில் இருவர் கோல்கீப்பர்கள்; ஒருவர் கோலில், மற்றவர் நடுக்களத்தில். பாதி ஆட்டத்தில் 7-0. இடைவேளை முடிந்து ஏழு பேர் வந்தார்கள். ஓரிரு நிமிடத்தில் நடுக்களத்தில் நின்ற அந்தக் கோல்கீப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு பேரோடு ஆட விதி இடம் தராது. நடுவர் ஆட்டத்தை முடித்தார். இரண்டு நாள் கழித்து, அந்த அணியோடு தொடர்புடைய 13 பேருக்கு அப்போது புதிதாக வந்த ஒமிக்ரான் வகைத் தொற்று என்று சுகாதாரத் துறை அறிவித்தது. போர்ச்சுகலில் அந்த வகை முதலில் பதிவானது அவர்களிடம்தான்.

ஆட்டத்தைத் தள்ளிவைக்காதது லீக்கின் தவறா, அணி நிர்வாகத்தின் தவறா என்று அங்கே பெரிய சர்ச்சை நடந்தது. அது இந்த ஆய்வுக்கு வெளியே. கம்பெனி அணி 2022இல் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

2023: குறுக்கே கடந்தவர்கள்

2022-23 சீசனில் கம்பெனி அணி இரண்டாம் பிரிவில், கிளப் அணி மூன்றாம் பிரிவில். ஒரு படி இடைவெளி. கிளப் ஏறினால், கம்பெனி நின்றால், அடுத்த வருடம் இருவரும் நேருக்கு நேர் மோத வேண்டியிருக்கும். ஐந்து வருடமாக எல்லோரும் மனதில் ஆடிப் பார்த்த ஆட்டம் அது.

நடக்கவில்லை. கிளப் யூனியாவ் டி லெய்ரியாவோடு சேர்ந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அதே வாரங்களில் கம்பெனி அணி தக்கவைப்பு ஆட்டத்தில் விலவெர்டென்ஸ் என்ற சிறிய ஊர் அணியிடம் தோற்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. மாடிப்படியில் ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, முகம் பார்க்காமல் கடந்துவிட்டார்கள்.

அதன்பின் கம்பெனி அணி தொழில்முறைப் பிரிவுகளுக்குத் திரும்பவில்லை.

மாற்றிச் செய்திருக்கக் கூடியவை

விற்றதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2012இல் விற்காமல் இருந்திருந்தால் கிளப் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் விற்ற விதத்தில் மூன்று இடங்களில் என் விரல் நிற்கிறது.

திரும்ப வாங்கும் உரிமையைத் தனி ஒப்பந்தத்தில் விட்டிருக்கக் கூடாது. கம்பெனியின் சங்க விதிகளிலேயே, கிளப்பின் பங்கோடு ஒட்டிய உரிமையாக எழுத முயன்றிருக்க வேண்டும். முதலீட்டாளர் மறுத்திருப்பாரா? இருக்கலாம். மறுத்திருந்தால் அந்த மறுப்பே உறுப்பினர்களுக்கு ஒரு தகவல்.

மைதான ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியையும் திரும்ப வாங்கும் காலத்தையும் ஒன்றோடொன்று பிணைத்திருக்க வேண்டும். இங்கே ஒன்று நடுவர் மன்றத்தில் செத்தது, மற்றது நாள்காட்டியில் முடிந்தது. இடையில் பேச்சுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. கிளப்பிடம் மிஞ்சியது சாவியைத் தர மறுக்கும் ஒரே ஆயுதம். அதைப் பயன்படுத்தினால் தனக்கும் காயம்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. கிளப்பில் அணி நன்றாக ஆடிய ஆண்டுகளில், 2013 முதல் 2015 வரை, ஒப்பந்தத்தைப் பற்றிய கவலை குறைவாக இருந்தது. ஐரோப்பிய ஆட்டம் வந்த சந்தோஷத்தில் யாரும் தாளைப் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை. முதலீட்டாளரும் லாபத்தில், உறுப்பினரும் மகிழ்ச்சியில் இருந்த அந்த இரண்டு வருடம்தான் விதிகளைத் திருத்த உகந்த நேரம். சண்டை தொடங்கிய பின் எந்த வரியையும் யாரும் மாற்ற ஒப்பமாட்டார்கள்.

மற்றபடி 2018 முடிவில் எனக்குக் குறை இல்லை. அதன் விலையை மட்டும் மறைக்கக் கூடாது. முதல் பிரிவிலிருந்து போய் இத்தனை ஆண்டு. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் ரெஸ்டெலோவில் ஸ்போர்ட்டிங்கோடு ஒரு லீக் ஆட்டம் பார்த்ததில்லை.

அதன் பிறகு

இரண்டாம் பிரிவுக்கு ஏறியதும் பழைய கதவு மறுபடி திறந்தது. தொழில்முறைப் பிரிவில் ஆட கம்பெனி கட்டாயம் என்ற சட்டம் அப்படியேதான் இருந்தது. பல பங்குதாரர் கொண்ட நிறுவனம், அல்லது கிளப் ஒன்றே முழு உரிமையாளராக இருக்கும் தனி நிறுவனம் என்று இரண்டு வடிவத்துக்கு அப்போது இடம் இருந்தது. எந்தக் கம்பெனியிடமிருந்து விலகி ஆறாம் பிரிவுக்குப் போனார்களோ, அதே வகைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்காகத்தான் ஐந்து வருடம் ஏறி வந்திருந்தார்கள்.

2023-24 சீசன் கடினமாக இருந்தது. கிளப் அந்தப் பிரிவில் நிற்க முடியாமல் ஒரே வருடத்தில் லீகா 3க்கு இறங்கியது. கம்பெனி அணியை வீழ்த்திய விலவெர்டென்ஸும் அதே வருடம் இறங்கியது.

பெப்பேயின் நினைவுச் சின்னம் ரெஸ்டெலோவிலேயே இருக்கிறது. போர்ட்டோ அணி லீக் ஆட்டத்துக்கு அங்கே வர, 2024இல் லீகா 3க்கு இறங்கிய கிளப் இரண்டு படி ஏற வேண்டியிருந்தது.